மூன்றாம் குத்தில் போனது

அந்த அட்டை வந்தபோது நான் சாமைப் பைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் அறுவடை முடிந்து தானியம் காய்ந்ததும் ஐந்து படி சாமையைக் குத்தி, துணிப்பையில் கட்டி, ஆலங்காயம் இறங்குகிற பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவேன். அது எப்படியோ கை மாறி வேலூர் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வருஷப் பையில் பேர் எழுதி முடித்து ஊசியில் நூல் கோத்த நேரம், தபால்காரர் வந்தார். எப்போதும் என் கையில்தான் கொடுப்பார். அன்றைக்குப் பையின் மேல் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார். அட்டைக்குக் கறுப்புக் கரை போட்டிருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ‘வத்’ என்று கூட்டியதும் நிறுத்திவிட்டேன். மீதி எழுத்து என்னவென்று எனக்குத் தெரியும். அதே எழுத்தைத்தான் அப்போதுதான் பையின் மேல் மையால் எழுதி வைத்திருந்தேன். மை காயக்கூட இல்லை.

வத்சலா அம்மா போய்விட்டார். ஓரத்தில் அவருடைய தம்பி பேனாவால் ‘நெஞ்சுவலி’ என்று எழுதியிருந்தார். பதினாறாம் நாள் காரியம் அட்டை வருவதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். என்னைவிடச் சின்னவர்.

அவரோடு காலேஜில் வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடப்போவதாகவும், மலையிலிருந்து நானும் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அவரை வெள்ளைக் கோட்டோடு தெரியும். தலைமுடியில் உமி ஒட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் அதை எழுதுகிறேன்.

அவர் முதலில் ஜமுனாமரத்தூருக்கு வந்தது சத்துணவு வருவதற்குச் சில வருஷம் முன்னால். மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கண்ணாடிக் குடுவைகள், ஒரு பம்ப் ஸ்டவ், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து நின்றுவிட்டாள்.

"நான் அந்த டாக்டர் இல்லம்மா. நான் தானியத்துக்கு டாக்டர்" என்றார்.

"தானியத்துக்கு இன்னாம்மா நோவு?" என்று அவள் கேட்டாள்.

வத்சலா அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாசக் கணக்கில் சிரித்தார். ஆனால் அன்றைக்குப் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

தானியம் குத்தித் தரவும், பாத்திரம் கழுவவும், ஊருக்குள் கூட்டிப்போகவும் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். முதல் நாளே, "பச்சையம்மாக்கா, சாமையில இருக்கிற நாரைப் பிரிச்சு எடுக்கணும். அதான் வேலை" என்றார். எனக்கு நார் என்றால் கத்தாழை நார், பூ கட்டுகிற நார். சாமையில் ஏது நார்? கதிர் அறுத்த தாளைத்தான் சொல்கிறார், பட்டணத்தில் படித்தவருக்குப் பேர் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஒரு கட்டு கத்தாழை நாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சாமைத் தாளுல நல்ல நாரு வராதும்மா. இத்த வெச்சிக்கோங்க, கயிறு திரிக்கலாம்."

அவர் என்னைத் திருத்தவில்லை. அந்த நாரை வாங்கித் தொடையில் வைத்து எப்படித் திரிப்பது என்று ஒரு மணி நேரம் கேட்டுக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சொன்னார், நம் வயிற்றால் செரிக்க முடியாமல், போனபடியே வெளியே வருகிற பாகம் ஒன்று தானியத்தில் இருக்கிறது, அதற்கும் நார் என்றே பேர் வைத்திருக்கிறார்கள் என்று.

"செரிக்காதது இன்னாத்துக்கு? உள்ள போயி சும்மா வெளிய வர்றதுக்கா?" என்றேன்.

"நானும் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் மலையேறி வந்தேன். சும்மா வரலக்கா. தண்ணியை உறிஞ்சிக்கிட்டு, வழியெல்லாம் பெருக்கிக்கிட்டு வருதுன்னு சொல்றாங்க. சாப்பிட்ட மாவு சட்டுனு சர்க்கரையாகி ரத்தத்துல ஏறாம, கையைப் பிடிச்சு மெதுவா நடத்திக்கிட்டுப் போகுதுன்னு சொல்றாங்க. நெசமான்னு பாக்கணும்."

‘நெசமான்னு பாக்கணும்.’ இதை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். தான் படித்த புத்தகத்தைப் பற்றியும் சொல்வார், நான் சொல்கிற கதையைப் பற்றியும் சொல்வார்.

பார்ப்பதற்கு அவர் எடுத்த வழி ஒன்றை உங்களுக்குச் சொல்லியிருப்பாரா தெரியாது. சாப்பிட்டது எத்தனை நேரத்தில் வெளியே வருகிறது என்று தெரிந்துகொள்ள, சிவப்புச் சாயம் அடைத்த மாத்திரை கொண்டுவந்தார். விழுங்கிவிட்டு, சிவப்பு வெளியே வருகிற அன்றைக்கு வந்து சொல்ல வேண்டும். இதை ஊரில் கேட்டுச் சொல்கிற வேலை எனக்கு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவருக்குக் கொஞ்சமும் இல்லை. ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் போய் நின்று, "யாருக்கு வந்துச்சு?" என்பார்.

"கவருமெண்டு ஆட்டை எண்ணுச்சு, மாட்டை எண்ணுச்சு. இப்ப நம்ம பொச்சாண்ட வந்துடுச்சுடா" என்றார் என் வீட்டுக்காரர். வத்சலா அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சாமை தின்கிற எங்கள் ஆட்களுக்கு மறுநாளே சிவப்பு வந்துவிட்டது. கடைக்காரர் சம்சாரம் ராஜாமணி கலசப்பாக்கம் பக்கத்து நெல் வீட்டுப் பெண். மூன்று வேளையும் வெள்ளை அரிசிச் சோறு. பேதிச் சூரணம் இல்லாமல் அவளுக்கு வாரம் போகாது. நாலாம் நாள் காலையில்தான் வந்து கதவைத் தட்டினாள். "எம்மா, இப்பதாம்மா வந்துச்சி. நாலு நாளா எங்கதான் ஊரு சுத்துச்சோ!" வத்சலா அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலைச்சன் பிள்ளை பிறந்ததைக் கேட்டதுபோலச் சந்தோஷப்பட்டார்.

ஆனால் பத்துப் பேர் சொன்னதை வைத்துக் காலேஜில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். சாமையில் நார் எவ்வளவு என்று எடை போட்டுக் காட்ட வேண்டும். அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களே சாமையைச் சொல்லக் கூச ஆரம்பித்திருந்தார்கள். விருந்தாளி வந்தால் ரேஷன் அரிசியைத்தான் வடிப்பார்கள். நார் கூடுதலாக வந்தால் சாமையைப் பற்றிப் பேச ஒரு பிடி கிடைக்கும். வராவிட்டால் அறையை மூடிக்கொண்டு கீழே போக வேண்டியதுதான், அப்புறம் இந்தத் தானியத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தார்.

நான் செய்த தப்பு இதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. வந்த புதிதில் என் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டார். நாங்கள் தினம் தின்கிற சாமைச் சோறு. ஊருக்கெல்லாம் நாரைப் பற்றிச் சொன்னவர், நாலு வாய்க்கு மேல் இறங்காமல், "தொண்டையில நிக்குதுக்கா" என்று கண்ணில் தண்ணீரோடு மோரைக் குடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நம்மை நம்பி வந்தவருக்குத் தவிட்டுச் சோறு போட்டுவிட்டோமே என்று இருந்தது.

உங்களில் சாமை குத்தாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் குத்தில் உமி போகும். அரிசி பழுப்பாக இருக்கும். எங்கள் சோறு அதுதான். இரண்டாம் குத்தில் முரட்டுத் தவிடு போகும். மூன்றாம் குத்தில் நைசான தவிடும் போய், மல்லிகை மொட்டு மாதிரி வெளுத்துவிடும். அது பண்டிகைக்கும் சம்பந்திக்கும்தான். ஒரு குத்து அரிசியை விருந்தாளிக்குக் கொடுப்பது இங்கே அவமரியாதை. அன்றையிலிருந்து அவருக்கு நான் மூன்று குத்துச் சோறுதான் போட்டேன். அவரும் "இன்னைக்கு நல்லா இருக்குதே" என்று சாப்பிட்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. காலேஜுக்கு அனுப்ப, "நீங்க திங்கிற மாதிரியே குத்திக் குடுங்கக்கா" என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போய் உலக்கையைப் பிடித்தால் மனசு கேட்கவில்லை. பெரிய பெரிய படிப்பாளிகள் பார்க்கப்போகிற அரிசி. எங்கள் மலையின் பேரோடு போகிற அரிசி. பழுப்பாகவா அனுப்புவது? மூன்று குத்துக் குத்தி, புடைத்து, கல் பொறுக்கி, சுத்தமாகக் கட்டிக் கொடுத்தேன். என் வீட்டில் வெளுத்த சோறே தின்று பழகியதால், எங்கள் தினச் சோறும் அதுதான் என்று அவர் நம்பிவிட்டார். ஒரு தடவை இல்லை. வருஷம் முழுக்க.

காலேஜிலிருந்து கடிதம் வந்தது. சாமையில் நார் வெள்ளை அரிசியில் இருக்கிற அளவுதான், இதற்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்று மேலே இருந்தவர் எழுதியிருந்தாராம். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கிடைத்த அரிசிக்கு அவர் சொன்னது சரி.

வத்சலா அம்மா குடுவைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கினார். நானும் அடுக்கினேன். "சாமை என்னை ஏமாத்திடுச்சுக்கா" என்றார். அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. நார் தவிட்டில் இருக்கிறது என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அந்தத் தவிட்டைக் கொழித்து எடுத்துக் கோழிக்குப் போட்டவள் நான். சொன்னால் காறித் துப்புவார். சொல்லாவிட்டால் போய்விடுவார். வாய் வரவில்லை. பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றும்வரைக்கும் வரவில்லை.

பஸ் உறுமி நகர்ந்தபோது நானும் ஏறிவிட்டேன். அதுவரை அந்தப் பஸ்ஸில் நான் கீழே போனதே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வத்சலாம்மா, நான் மூணு குத்து குத்திட்டேன்" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "ஐயோ, யாரைக்கா?"

கண்டக்டரும் விசிலை வாயில் வைத்தபடி திரும்பினார். "இன்னாம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தணுமா?" பஸ்ஸில் எல்லாரும் என் இடுப்பில் கத்தி இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

"சாமைய! சாமையக் குத்திட்டேன்! உங்களுக்குக் குடுத்ததெல்லாம் மூணு குத்து அரிசி. தவுடு ஒரு தூசி இல்ல அதுல. நாங்க திங்கிறது அது இல்லம்மா" என்று அழுதுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு கொண்டை ஊசி வளைவு போயிற்று. பிறகு, "ஒரு வருஷம்க்கா" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கோபம் இல்லாத மனுஷி என்று அவரைப் பற்றி யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கோபம் இருந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே அவருக்குக் கேள்வி வந்துவிடும். மூன்றாவது வளைவில் என் பக்கம் திரும்பினார்.

"தவுடு எங்க போச்சு?"

"கோழிக்கு."

"ரெண்டாம் குத்துத் தவுடும் மூணாம் குத்துத் தவுடும் தனித்தனியா இருக்குமா?"

"தனியாத்தான் கொழிப்பேன். வேற வேற மாதிரி இருக்கும்."

"எந்தக் குத்துல நார் போகுது?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"எனக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாதுக்கா!" என்று எழுந்து நின்றார். "வண்டிய நிறுத்துங்க!"

வளைவில் இறங்கினோம். கண்டக்டர் மேலே ஏறிப் பெட்டியை இறக்கிக்கொண்டே, "ஏத்தும்போதே யோசிக்க மாட்டீங்களா?" என்று திட்டினார். பெட்டி என் தலையில், ஸ்டவ் அவர் கையில். உச்சி வெயிலில் மலையேறி நடந்தோம். இரண்டு குடுவை உடைந்தது. அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஒரே மூட்டைச் சாமையை நான் குத்தினேன். முதல் குத்து முடிந்ததும் ஒரு படி, இரண்டாவது முடிந்ததும் ஒரு படி, மூன்றாவது முடிந்ததும் ஒரு படி. தவிடும் தனித்தனியாக. ஒவ்வொன்றையும் மாவாக்கி, அளந்து, தண்ணீர் கலந்த ஆசிட்டில் அரை மணி நேரம் கொதிக்கவைப்பார். துணியில் வடித்து, புளிப்பு போகும்வரைக்கும் சுடுதண்ணீர் ஊற்றி அலசுவது என் வேலை. நீலத் தாளை நனைத்துப் பார்ப்பேன், சிவக்காமல் இருந்தால் போதும். பிறகு சோடாக் காரத்தில் அரை மணி நேரம். மறுபடி வடித்து அலசினால் துணியில் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் சக்கை நிற்கும். ஒரு குத்து அரிசியில் விரலால் வழித்து எடுக்கும்படி நின்றது. மூன்று குத்து அரிசியில் மூச்சு விட்டால் பறக்கிற அளவு. நானே கண்ணால் பார்த்தேன். தவிட்டில்தான் துணி கொள்ளாமல் நின்றது.

காய்ந்த சக்கையை எடை போட்டுவிட்டு, பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் கரி அடுப்பில் வைத்து எரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. "எம்மா, இவ்ளோ பாடுபட்டு எடுத்த நாரைக் கொளுத்திட்டீங்களே!"

"எரிஞ்சு போனதுதான்க்கா நார். மிச்சம் இருக்கிறது சாம்பல், அது மண்ணும் உப்பும். எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடை, எரிச்சப்புறம் ஒரு எடை. எவ்வளவு காணாமப் போச்சோ, அதான் நாம தேடினது. இருக்கிறதை எடை போட யாராலயும் முடியும். போனதை எடை போடணும், அதுதான் வேலை." கரி அடுப்பில் செய்தது கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான். சரியான எடையை உங்கள் காலேஜ் உலையில் எரித்துத்தான் போட்டார். அது உங்களுக்குத் தெரியும்.

இந்த வழியில் முரட்டு நார்தான் கிடைக்கிறது, இளசான நார் ஆசிட்டிலும் காரத்திலும் கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது என்று அவருக்கு ஒரு குறை இருந்தது. சில வருஷம் கழித்துக் கடிதம் போட்டார். ‘அக்கா, நம்ம எச்சில்ல இருக்கிற மாதிரி ஒரு சரக்கு வந்திருக்கு. மாவை மட்டும் அது தின்னுட்டு நாரைத் தொடாம விட்டுடுது. ஆசிட் வேணாம். அவசரப்பட்டா கெட்டுடும், பொறுமையா இருக்கணும்.’ அதைப் படித்துவிட்டு ஒரு வாய் சாமைச் சோற்றை ரொம்ப நேரம் மென்றுகொண்டே இருந்தேன். போகப் போக இனித்தது. நெசம்தான் என்று பதில் எழுதினேன்.

அவர் எழுதிய கட்டுரை அச்சாகி வந்தபோது எனக்கு அந்தப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் இருந்த ஒரு கட்டத்தின் மேலே மூன்று இடத்தில் ஒரே சொல்லைக் காட்டினார். "இது உங்க ‘குத்து’. ஒண்ணாம் குத்து, ரெண்டாம் குத்து, மூணாம் குத்து. இங்கிலீஷ்ல இதுக்குச் சொல் கிடைக்கலக்கா. அப்படியே போட்டுட்டேன்." அந்தச் சொல்லை மட்டும் எனக்கு இங்கிலீஷில் படிக்கத் தெரியும்.

அதனால் மலையில் பெரிதாக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராஜாமணி சூரணத்தை விட்டுச் சாமைக்கு வந்தாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாறினவர் வத்சலா அம்மாதான். தொண்டையில் நிற்கிறது என்று சொன்னவர், பிறகு ஒரு குத்துச் சோறுதான் வேண்டும் என்று என் வீட்டில் சட்டம் போட்டார். வெளுத்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னாக்கா, என்னை மறுபடி விருந்தாளி ஆக்கிட்டீங்களா?" என்பார்.

அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பது ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த ஒரு வடிகட்டித் துணி, நுனி பழுத்த நீலத் தாள் நாலு, அந்த இங்கிலீஷ் புத்தகம். இதெல்லாம் சாம்பல் மாதிரி, மிஞ்சிய எடை. ‘நெசமான்னு பாக்கணும்’ என்று யாராவது கதவைத் தட்டுவார்கள் என்று காலையில் காது வாசலுக்குப் போகிறதே, அதை எந்தத் தராசில் போடுவது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அட்டை வந்த மறுநாள், எங்கள் முறைப்படி அவருக்குப் படைக்க ஒரு இலை போடலாம் என்று நினைத்தேன். தைக்க இருந்த பையை ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக ஒரு படி அளந்து உரலில் போட்டேன். முதல் குத்து முடிந்து உமியைப் புடைத்தேன். பழுப்பு அரிசி. என் நாத்தனார் பக்கத்தில் நின்று, "செத்தவங்களுக்குப் படைக்கிறதுக்கா இது? தவுட்டுச் சோறா போடுவ? இன்னும் ரெண்டு குத்து போடு அண்ணி, வெளுக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதுதான் முறை. என் கையும் அப்படிப் பழகின கைதான், உலக்கையைப் பாதி தூக்கிவிட்டது.

கீழே இறக்கி உரலோடு சாய்த்து வைத்தேன். "அவங்க விருந்தாளி இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தப் பழுப்பு அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.